இது என்ன படம், பாஸ்?

ஒரு வெள்ளைத் தாள். அதுல கறுப்பு மையில கோடுகள். மரம் இல்லை, மனுஷன் இல்லை, ஆடு மாடு எதுவும் இல்லை. வெறும் கோடுகள். இடது ஓரத்துல நாலஞ்சு கிளம்பி, நடுவுல நெருக்கியடிச்சு, அப்புறம் ஒவ்வொண்ணா விலகி, வலது மூலையில காணாமப் போயிடுது. பக்கத்துல சின்ன அட்டை: ‘தலைப்பு இல்லை. தாளில் மை.’

நீங்க இதுக்கு முன்னாடி நிக்கறீங்கன்னு வெச்சுக்கோங்க. முதல்ல என்ன தோணும்? உண்மையைச் சொல்லணும். “இதைத்தானே நான் கிளாஸ்ல தூக்கம் வராம இருக்க, நோட்டுக் கடைசிப் பக்கத்துல போட்டுக்கிட்டு இருக்கேன்? எனக்கு யாரும் ஃப்ரேம் போடலையே!”

எனக்கும் அதேதான் தோணுச்சு. காலேஜ் முதல் வருஷம். கிரீம்ஸ் ரோட்டுல திடீர் மழை. நனையாம இருக்க நாங்க நாலு பேர் ஓடிப்போய் ஒதுங்கின இடம், ஒரு ஓவியக் கண்காட்சி. உள்ளே விட்டாங்க, டிக்கெட் கேட்கலை, ஏசி வேற. சும்மா இருப்போமா? ஒவ்வொரு படமா நின்னு கமென்ட் அடிச்சோம். இந்தக் கோட்டுப் படத்துகிட்ட வந்ததும் நான்தான் சத்தமா சொன்னேன்: “பேனா எழுதுதான்னு கிறுக்கிப் பார்த்திருக்காங்கடா!”

மூணு பேர் சிரிச்சோம். நாலாவது ஆள் சிரிக்கலை. அவன் அந்தத் தாளுக்கு ரொம்பக் கிட்டக்கப் போய், மூக்கு கண்ணாடியில இடிக்கிற மாதிரி நின்னு பார்த்துக்கிட்டு இருந்தான். அவனைப் பத்தி அப்புறம் சொல்றேன். இந்தக் கட்டுரையே அவனுக்காகத்தான்.

இப்போ விஷயம் இதுதான். அரூப ஓவியம், அதாவது அப்ஸ்ட்ராக்ட் ஆர்ட், அதுவும் கலர்கூட இல்லாம வெறும் மையில போட்டது... இதெல்லாம் நமக்குப் புரியாதுன்னு நீங்க நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. புரியும். சென்னையில இருக்கற உங்களுக்கு அதுக்கான பயிற்சி ஏற்கனவே கிடைச்சாச்சு. நம்பலையா? ஒரே ஒரு சனிக்கிழமையை என்கிட்ட கொடுங்க. பர்ஸ்ல பஸ் காசும் டிபன் காசும் இருந்தாப் போதும். மயிலாப்பூர், அடையாறு, தி.நகர்னு ஒரு ரவுண்டு போயிட்டு, சாயங்காலம் அதே கிரீம்ஸ் ரோட்டுக்கு வந்துடலாம்.

காலை 5.30: மயிலாப்பூர்

என்னது, 5.30-ஆன்னு அலறாதீங்க. செமஸ்டருக்கு முன்னாடி நாள் முழுக்க முழிச்சிருந்த ஆள்தானே நீங்க! மார்கழி மாசமா இருந்தா இன்னும் விசேஷம். கபாலீஸ்வரர் கோயிலைச் சுத்தி நாலு மாட வீதியும், அதுலேர்ந்து பிரியற சந்துகளும் நடங்க. வாசல் தெளிச்ச ஈரம் காயலை. ஒரு மாமி குனிஞ்சு புள்ளி வைக்கறாங்க. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல மாவு ஒழுகுது. புள்ளியைத் தொடாம, அதைச் சுத்திக்கிட்டுக் கோடு கிளம்புது. வளைஞ்சு, தன்னையே வெட்டிக்கிட்டு, மறுபடி வளைஞ்சு, கடைசியில கிளம்பின இடத்துக்கே வந்து சேருது. சிக்குக் கோலம்.

எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க. ஒரு கேள்வி மட்டும் உங்க வாய்ல வராது: “மாமி, இது என்ன படம்?”

வரவே வராது! ஏன்னா கோலம் எதையும் ‘காட்ட’ணும்னு நாம எதிர்பார்க்கறது இல்லை. தாமரைக் கோலம், மயில் கோலம் எல்லாம் உண்டு, சரி. ஆனா சிக்குக் கோலத்துல தாமரையும் கிடையாது, மயிலும் கிடையாது. கோடு எங்கே போகுது, எங்கே திரும்புது, கடைசியில சேருமா சேராதா? இதுதான் அங்கே சஸ்பென்ஸ். சேர்ந்ததும் மாமி நிமிர்ந்து, இடுப்புல கை வெச்சு ஒரு பார்வை பார்ப்பாங்க பாருங்க, அந்தத் திருப்தி நமக்கும் தொத்திக்கும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா தகவல். தியரி பேப்பர்ல ‘கிராமர்’, ‘லாங்வேஜ்’னு மண்டையைக் குழப்புவாங்களே, அந்த விதிகளை வெச்சுக் கோலத்தை விளக்க முடியும்னு 1974-லேயே ஒரு ஆய்வுக் கட்டுரை வந்திருக்கு. எழுதினவங்க கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன். கிஃப்ட் சிரோமணி நம்ம தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில புள்ளியியல் பேராசிரியரா இருந்தவர். வாசல்ல மாமி போடற கோடு உலகத்துக் கணினி ஆராய்ச்சிப் பத்திரிகை வரைக்கும் போயிருக்கு!

ஆக, மயிலாப்பூர்ல நீங்க கத்துக்கிட்ட பாடம் நம்பர் 1: கோடு எதையும் காட்டாமலே நம்மைக் கட்டிப்போடும். கோடு போற வழியே விஷயமா இருக்கலாம்.

இன்னொண்ணும் கவனிச்சுக்கோங்க. கோலத்துல தப்பு பண்ணினா புறங்கையால துடைச்சுட்டு மறுபடி போடலாம். மைக்கு அந்த வசதி கிடையாது. பென்சில்னா ரப்பர் இருக்கு, எண்ணெய் வண்ணம்னா மேலே இன்னொரு பூச்சு பூசலாம். மை தாள்ல இறங்கிடுச்சுன்னா இறங்கினதுதான். கை நடுங்கினது, தயங்கி நின்னது, வேகமா போனது எல்லாம் அப்படியே பதிவாயிடும். மையில வரையறவங்களுக்கு அண்டூ பட்டன் கிடையாது பாஸ்!

சரி, பில்டர் காபி ஒண்ணு, சூடா இட்லி ரெண்டு. அடுத்த பஸ் பிடிப்போம்.

காலை 9: அடையாறு

மயிலாப்பூர்லேர்ந்து தெற்கே வந்தா திரு.வி.க. பாலம். பாலம் ஏறும்போது ஜன்னல் ஓரம் இடம் பிடிச்சுக்கோங்க. ஆறு கடலைத் தேடிப் போற முகத்துவாரம் தெரியும். தண்ணி வத்தின நாள்ல சேத்து மேல நீர் போன தடம் கோடு கோடா இருக்கும். பாலம் தாண்டினதும் இறங்கிடுங்க. பிரம்ம ஞான சபை. 1882-லேர்ந்து இங்கேதான் அதோட தலைமையகம். உள்ளே விடற நேரம் கொஞ்சம் கண்டிப்பு, அதனால முன்னாடியே விசாரிச்சுட்டுப் போங்க.

உள்ளே நேரா அந்த ஆலமரத்துக்குப் போங்க. வயசு சுமார் 450 இருக்கும்னு சொல்றாங்க. முதல் தடவை போற எல்லாரும் ஒரு காரியம் பண்ணுவாங்க: அடிமரம் எதுன்னு தேடுவாங்க. நானும் தேடினேன். கிடைக்காது. 1989-ல அடிச்ச புயல்ல நடு அடிமரம் சாய்ஞ்சுடுச்சு. மறுபடி நிக்க வைக்கப் பார்த்தும் பிழைக்கலை. ஆனா மரம் சாகலை! கிளையிலேர்ந்து தொங்கின விழுதுகள் தரையில ஊன்றி, ஒவ்வொண்ணும் ஒரு தூணா நின்னு மரத்தைத் தாங்கிக்கிட்டு இருக்கு.

கொஞ்சம் தள்ளி நின்னு, கண்ணைச் சுருக்கிப் பாருங்க. இலையை மறந்துடுங்க, மரத்தையே மறந்துடுங்க. மேலேர்ந்து கீழே இறங்கற நூத்துக்கணக்கான கறுப்புக் கோடுகள். சிலது தரையைத் தொட்டாச்சு, சிலது பாதியில தொங்குது. ‘இதுதான் நடு’ன்னு எதையும் சொல்ல முடியாது. இருந்தாலும் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து நிக்குது.

இதுதான் பாடம் நம்பர் 2. நாம சினிமா பார்த்துப் பழகின ஆட்கள். ஃப்ரேம்ல ஹீரோ எங்கேன்னு கண்ணு தன்னால தேடும். அரூப ஓவியத்துல ஹீரோ இல்லாம இருக்கலாம். ஹீரோவைத் தேடித் தேடி அலுத்துப்போய்த்தான் ‘ஒண்ணும் புரியலை’னு வெளியே வந்துடறோம். அடையாறு ஆலமரத்தை அடிமரம் இல்லாமலே ரசிக்கத் தெரிஞ்ச உங்களுக்கு, அந்தத் தாளையும் ரசிக்கத் தெரியும்.

இதே வளாகத்துலதான் 1886-ல ஆரம்பிச்ச அடையாறு நூலகமும் இருக்கு. ஓலைச்சுவடிகளுக்குப் பேர்போன இடம். சுவடி எப்படி எழுதுவாங்க தெரியுமா? எழுத்தாணியால ஓலையைக் கீறுவாங்க. கீறினதும் எழுத்து சரியாத் தெரியாது. அப்புறம் கரியோ மையோ தடவித் துடைச்சா, கீறின பள்ளத்துல மட்டும் கறுப்பு தங்கி எழுத்து பளிச்னு எழும்பும். ஓவியர்கள் பயன்படுத்தற கறுப்பு ‘இந்தியன் இங்க்’கும் அடிப்படையில அதே சமாசாரம்தான்: புகைக்கரி, கூடவே அது தாள்ல ஒட்டிக்க ஒரு பசை. அதனாலதான் வருஷக்கணக்கானாலும் அது வெளுக்கறதில்லை.

பகல் 12: தி.நகர்

அடையாறுலேர்ந்து தி.நகருக்கு பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. பஸ் ஸ்டாண்டுல இறங்கி, மாம்பலம் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போற நடை மேம்பாலத்துல ஏறுங்க. 2023-ல திறந்தது. சுமார் 570 மீட்டர் நீளம். அதுக்கு முன்னாடி ஸ்டேஷன்லேர்ந்து பஸ் ஸ்டாண்டு வர, ஒரு யுத்தமே நடத்தணும்!

எல்லாரும் வேகமா நடப்பாங்க. நீங்க மட்டும் ஓரமா நின்னு கீழே எட்டிப் பாருங்க. கடைத்தெரு. தலை தலையா, தலை தலையா... கறுப்புப் புள்ளிகளோட ஓட்டம். ஒரு கடை வாசல்ல கூட்டம் அடர்ந்து கருகருன்னு இருக்கும். பத்தடி தள்ளி, ஒரு ஆட்டோ திரும்பறதுக்காக எல்லாரும் ஒதுங்கினதுல ஒரு வெள்ளை இடைவெளி பிறக்கும். நாலு செகண்டுல அது மூடிக்கும். வேற எங்கேயோ இன்னொரு இடைவெளி திறக்கும்.

மை ஓவியத்தோட ரகசியமே இதுதான். மை கறுப்பு. தாள் வெள்ளை. நடுவுல சாம்பல் நிறம்னு ஒண்ணு கிடையாது, தண்ணி கலந்தா ஒழிய. அப்புறம் எப்படி ஒரு பக்கம் இருட்டாவும் இன்னொரு பக்கம் வெளிச்சமாவும் தெரியுது? எல்லாம் நெரிசல்தான்! கோடுகள் நெருங்கினா இருட்டு, விலகினா வெளிச்சம். ரங்கநாதன் தெருவை தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமையும், மறுநாள் பண்டிகை முடிஞ்ச காலையிலயும் பார்த்தவங்களுக்கு இதைத் தனியா விளக்கணுமா என்ன? பாடம் நம்பர் 3: கோட்டை மட்டும் பார்க்காதீங்க, விட்ட இடத்தையும் பாருங்க.

இதைப் புரிஞ்சுக்க நம்ம ஊர்லயே ஒரு வாத்தியார் இருந்தார்: கே.எம்.ஆதிமூலம். திருச்சி மாவட்டத்துக் கிராமத்துல 1938-ல பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில படிச்சவர். 1969, காந்தி நூற்றாண்டு. அப்போ காந்தியைக் கோட்டுச் சித்திரமாவே வரைஞ்சார், ஒண்ணு ரெண்டு இல்லை, சுமார் நூறு! பேனாவும் மையும்தான் ஆயுதம். கோடுகள் சரசரன்னு ஓடும், அந்த ஓட்டத்துக்குள்ளேர்ந்து கிழவர் எழுந்து நடந்து வருவார். அப்புறம் ராஜாக்களை வரைஞ்சார். அதுல கிரீடம், உடம்பு, அங்கி எல்லாம் கோடா உதிர ஆரம்பிச்சது. பின்னாடி வண்ணத்துக்கு வந்து, உருவமே இல்லாத பெரிய பெரிய அரூப ஓவியங்கள் செஞ்சார். 2008 ஜனவரியில காலமானார்.

ஒருத்தரோட வாழ்க்கையில உருவம் எப்படிப் படிப்படியா கரைஞ்சு கோடாச்சு, நிறமாச்சுன்னு பார்க்கணும்னா ஆதிமூலத்தோட படங்களை வரிசையாப் பாருங்க. அவர் உருவம் வரையத் தெரியாம அரூபத்துக்கு வந்தவர் இல்லை. காந்தியை நூறு தடவை வரைஞ்ச கை அது!

அவரை நீங்களே தெரியாம பார்த்திருப்பீங்க. கி.ராஜநாராயணன் ஜூனியர் விகடன்ல எழுதின ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்குக் கோடு போட்டது அவர்தான். கசடதபற மாதிரி சிறுபத்திரிகைகள்லேயும் வரைஞ்சார். தமிழ்ப் புத்தக அட்டைகள்ல அவரோட கை எழுத்து தனியாத் தெரியும். தி.நகர் பதிப்பகங்களுக்கும் புத்தகக் கடைகளுக்கும் பேர்போன ஏரியாவாச்சே! மேம்பாலத்துலேர்ந்து இறங்கினதும் ஏதாவது ஒரு கடைக்குள்ளே நுழைஞ்சு, பழைய பதிப்பு அட்டைகளைப் புரட்டிப் பாருங்க. வாங்கணும்னு கட்டாயம் இல்லை. (வாங்கினா சந்தோஷம்!)

மாலை 4: கிரீம்ஸ் ரோடு

இப்போ நாம தயார். ஆயிரம் விளக்கு பக்கம் கிரீம்ஸ் ரோடு. லலித் கலா அகாடமியோட சென்னை மண்டல மையம் இங்கேதான் இருக்கு. அகாடமி 1954-ல டெல்லியில தொடங்கின மத்திய அரசு அமைப்பு. என்ன கண்காட்சி நடக்குதுன்னு முன்னாடியே பார்த்துக்கோங்க. முக்கியமா, வாசல்ல தயங்காதீங்க. ‘வாங்கற ஆளுங்க மட்டும்தான் உள்ளே போகணுமோ’ன்னு ஒரு பயம் நமக்கு. துணிக்கடையில பத்துப் புடவையைப் பிரிச்சுப் போட்டுட்டு வெறுங்கையோட வர்ற தைரியம், இங்கே மட்டும் ஏன் வரமாட்டேங்குது?

நல்ல மை ஓவியம் ஒண்ணு கண்ணுல பட்டா, இப்படிப் பாருங்க. அட்டையில எழுதியிருக்கறதை முதல்ல படிக்காதீங்க. செல்போன் பைக்குள்ளே. ஒரு அஞ்சு நிமிஷம். ஏதாவது ஒரு கோட்டைப் பிடிச்சுக்கோங்க, மயிலாப்பூர்ல பிடிச்ச மாதிரி. அது எங்கே ஆரம்பிச்சது? பேனா தாளைத் தொட்ட இடத்துல மை கொஞ்சம் தடிச்சிருக்கும். அங்கேர்ந்து கூடவே போங்க. எங்கே வேகம், எங்கே தயக்கம், எங்கே மை தீர்ந்து கோடு வறண்டுச்சு? பேனாவைத் தூக்கினது எங்கே? அப்புறம் நாலடி பின்னாடி வாங்க. நடுவைத் தேடாதீங்க, ஆலமரத்தை நினைச்சுக்கோங்க. எங்கே நெரிசல், எங்கே வெள்ளை?

அஞ்சு நிமிஷத்துல உங்களுக்கு ஏதோ ஒண்ணு நடக்கும். பதற்றமா இருக்கலாம், அமைதியா இருக்கலாம், மழைக்கு முந்தின புழுக்கம் மாதிரி இருக்கலாம். அதுக்குப் பேர் வைக்க வேண்டியதில்லை. ஒண்ணுமே நடக்கலையா? அதுவும் சரிதான். எல்லா அரூப ஓவியமும் உசத்தின்னு நான் சத்தியம் பண்ணலை. சுமாரான பாட்டு இருக்கற மாதிரி சுமாரான படமும் உண்டு. பிடிக்கலைன்னு சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு. பார்த்துட்டுச் சொல்லணும், அவ்வளவுதான்.

“இதை யார் வேணும்னாலும் போடலாமே”ங்கறவங்களுக்கு ஒரு சவால். ஒரு பேனா எடுங்க. ஸ்கேல் இல்லாம, ஒண்ணுக்கொண்ணு தொடாம, ஒரே இடைவெளியில 20 கோடு போடுங்க. ஏழாவது கோட்டுலயே கை பேச்சு கேட்காது!

ஸ்கேலோட போட்டவங்களும் இருக்காங்க. என்ஜினீயரிங் டிராயிங் கிளாஸுக்கு மினி டிராஃப்டரைத் தோள்ல மாட்டிக்கிட்டு போவீங்களே, அந்த மாதிரி வரைபடக் கருவிகளை வெச்சுக்கிட்டு நஸ்ரீன் மொகமதின்னு ஒருத்தர் வெறும் கோடுகள்லேயே ஓவியம் செஞ்சாங்க. 1937-ல கராச்சியில பிறந்தவங்க. 1972-லேர்ந்து பரோடா பல்கலைக்கழகத்துல ஓவிய ஆசிரியை. நரம்பு நோய் உடம்பை முடக்க ஆரம்பிச்ச பிறகும் அவங்க கோடு பிசகலை. 1990-ல இறந்துட்டாங்க. பெரும்பாலான படங்களுக்கு அவங்க தலைப்பு வைக்கலை, தேதிகூடப் போடலை. 2016-ல நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் ‘மெட் பிராய்யர்’னு புதுக் கிளை திறந்தப்போ, தொடக்கக் கண்காட்சிகள்ல ஒண்ணு நஸ்ரீனோடது. தலைப்பில்லாத அந்தக் கோடுகளைப் பார்க்க அந்த ஊர் வரிசையில நின்னுச்சு.

நம்ம பக்கத்துல ஆர்.எம்.பழனியப்பன் இருக்கார். 1957-ல தேவகோட்டையில பிறந்து சென்னையில படிச்சவர். அச்சு ஓவியத்துல பெரிய பேர். பறக்கற ஒரு பொருள் வானத்துல போன பாதை மாதிரி இவரோட கோடுகள் தாள்ல சுழலும். இந்த லலித் கலா மையத்துக்கே செயலாளரா இருந்தவர்.

இவங்களுக்கெல்லாம் முன்னாடி கே.சி.எஸ்.பணிக்கர். 1850-ல அலெக்சாண்டர் ஹண்டர் ஆரம்பிச்ச நம்ம சென்னை ஓவியக் கல்லூரிக்கு 1957-லேர்ந்து முதல்வர். 1966-ல ஓவியர்களைக் கூட்டிக்கிட்டுப்போய் ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் கிராமத்தை உருவாக்கினவர். (ஈ.சி.ஆர். பக்கம் போறப்ப அங்கேயும் இறங்குங்க. ‘மெட்ராஸ் இயக்க’ ஓவியங்களுக்குன்னு 2009-ல திறந்த மியூசியமே இருக்கு.) அவரோட ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ரொம்பப் பிரபலம். ஜாதகக் கட்டம் மாதிரி கோடுகள், படிக்கவே முடியாத எழுத்துகள், எண்கள். 1963-ல இந்த யோசனை அவருக்கு எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? ஒரு மாணவரோட கணக்கு நோட்டுப் பக்கத்தைப் பார்த்து! அதுல இருந்த எண்கள், எழுத்துகள், ஜியோமிதிக் கோடுகள்தான் தனக்கு வழி காட்டுச்சுன்னு பணிக்கரே சொல்லியிருக்கார்.

நோட்டு, பாஸ். உங்க பையில இருக்கே, அதே நோட்டு!

கடைசிப் பக்கம்

இப்போ அந்த நாலாவது ஆள்.

அவன் நோட்டுகளோட கடைசிப் பக்கங்கள் எல்லாம் கோடா இருக்கும். அடர்த்தியா, அலை அலையா, மைப் பேனாவுல போட்டது. பாடம் நடக்கறப்ப அவன் கை மட்டும் தனியா ஓடிக்கிட்டே இருக்கும். அன்னிக்கு அந்த மழையில, கண்காட்சியில நின்னுக்கிட்டு இருந்தவனைப் பார்த்து நான் சொன்னேன்: “டேய், உன் நோட்டுக் கடைசிப் பக்கத்தைக் கிழிச்சா இதுக்குப் பக்கத்துலயே மாட்டலாம்டா. அதுவும் இதே கிறுக்கல்தானே!” எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவனுக்கு ‘கிறுக்கன்’னு பேரும் வெச்சாச்சு. நாலு வருஷமும் அந்தப் பேர்தான்.

கடைசி வருஷம் ஒரு நாள் ஜெராக்ஸ் எடுக்க அவன் நோட்டை வாங்கினேன். தற்செயலா கடைசிப் பக்கம் திரும்பிச்சு. வெள்ளை. இன்னொரு நோட்டு. அதுவும் வெள்ளை. எப்போ நிறுத்தினான்னு எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

பல வருஷம் கழிச்சு, நான் சொன்ன இதே ரூட்டுல அவனைக் கூட்டிக்கிட்டுப் போனேன். இப்போ ஓ.எம்.ஆர்.ல வேலை, ரெண்டு குழந்தைங்க, கொஞ்சம் தொப்பை. மயிலாப்பூர்ல காபி, அடையாறுல ஆலமரம், தி.நகர்ல பொண்ணுக்கு ஒரு ஸ்கூல் பேக். சாயங்காலம் கண்காட்சி. ஒரு மை ஓவியத்துக்கு முன்னாடி அதே மாதிரி கிட்டக்கப் போய் நின்னான். இருபது நிமிஷம். நான் வாயைத் திறக்கலை.

வெளியே வந்து டீ குடிக்கறப்ப மெதுவா ஆரம்பிச்சேன். “சாரிடா, அன்னிக்கு நான்...”

“அட, நீ சொன்னதுக்காக நிறுத்தலைடா” அப்படின்னான். கொஞ்ச நேரம் கழிச்சு, டீ கிளாஸைப் பார்த்துக்கிட்டே: “ஆனா அதுக்கப்புறம் போட உக்காந்தா, யாராவது பார்த்துட்டு இது என்னன்னு கேட்பாங்களோன்னு தோணும். பதில் தெரியாது. கை நின்னுடும்.”

அவன் மறுபடி வரைய ஆரம்பிச்சான், கண்காட்சி வெச்சான்னு எல்லாம் முடிக்க எனக்கும் ஆசைதான். அப்படி ஒண்ணும் நடக்கலை. டீக்குக் காசு கொடுத்துட்டு அவன் பஸ்ஸுக்குப் போயிட்டான்.

உங்க பெஞ்ச்லயும் ஒரு ஆள் இருப்பான். இல்லைன்னா இருப்பா. நாளைக்கு கிளாஸுக்குப் போனதும் அந்த நோட்டோட கடைசிப் பக்கத்தை எட்டிப் பாருங்க. கோடுகள் இருந்தா, “இது என்ன?”ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. அதுக்குப் பதில் போட்டவங்களுக்கே தெரியாது.

“எங்கேர்ந்து ஆரம்பிச்சே?”ன்னு கேளுங்க. விரலை வெச்சுக் காட்டுவாங்க.